நீரிழிவாளரும் உணவிலுள்ள இரும்பும்

உடல் தளர்ந்தவர் எவரைக் கண்டாலும் அவருக்கு இரும்புச்சத்துப் போதாது என்று கூறுதல் நம்மிடையே நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். முகம் வெளிறியிருப்பினும், படியேறுகையில் மூச்சு வாங்கினும், தலைமயிர் உதிரினும், மருந்துக்கடையிலே இரும்புச்சத்து மருந்தொன்றை வாங்கி உட்கொள்ளுமாறு வீட்டார் கூறுவர், அயலாரும் கூறுவர். அவ்வறிவுரை பலருக்கு நன்மை செய்துமிருக்கின்றது. ஆனால், தளர்ந்தவர் நீரிழிவு நோயாளராயின் அதனை அவ்வளவு எளிதாகக் கூறிவிடல் பொருந்தாது. நீரிழிவு தானே தளர்ச்சியை உண்டாக்க வல்லது. அன்றியும், உடலில் இரும்பு மிகுதல் நீரிழிவு தோன்றுவதற்கு ஒரு காரணமாகலாம் என்பதும், இரும்பு குறைதல் நீரிழிவை அளக்கும் சோதனையையே பிழைபடச் செய்யலாம் என்பதும் இக்கால மருத்துவ அறிவியல் காட்டும் உண்மைகளாம்.

இலங்கையர்க்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் நடைபெற்று 2008 இல் வெளியான ஆய்வொன்றின்படி, இந்நாட்டில் இருபது வயதும் அதற்கு மேலும் உடையோருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேற்பட்டோர் நீரிழிவாளராயிருந்தனர். அவருள் மூன்றிலொரு பங்கினர் தமக்கு அந்நோய் உண்டென்பதை அதுவரை அறியாதவர். போரின் காரணமாக வடக்கும் கிழக்கும் அவ்வாய்விற் சேரவில்லை. இதே நாட்டில் இரும்புக் குறைவினால் வரும் குருதிச்சோகை பெண்களிடத்தும் சிறுவரிடத்தும் பரவலாகக் காணப்படுகின்றது. ஒரே வீட்டில் தந்தை நீரிழிவாளராகவும் மகள் குருதிச்சோகை உடையவளாகவும் இருத்தல் கூடும். ஒருவரிடத்தே இரண்டும் சேர்ந்திருத்தலும் கூடும். ஆதலின் இரும்பு உடலில் எவ்வாறு இயங்குகின்றது, அது எப்பொழுது நன்மையாகவும் எப்பொழுது தீமையாகவும் அமைகின்றது என்பவற்றை ஈண்டு ஒருவாறு விளக்க முயல்வாம்.

குருதியும் இரும்பும்

குருதியில் இரும்பு உண்டென்பதை இத்தாலி நாட்டின் பொலோஞா நகரத்து மருத்துவர் வின்சென்சோ மெங்கினி 1746 ஆம் ஆண்டளவில் நிறுவினார். குருதியை எரித்துப் பெற்ற சாம்பரின் அருகே அவர் காந்தத்தைக் கொண்டு சென்றபொழுது, அதன் துகள்கள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டன. பின்னர், 1832 இல் பிரான்சு நாட்டு மருத்துவர் பியேர் புளோ, இளம்பெண்களிடம் காணப்பட்ட வெளிறு நோயை இரும்புக் குளிகைகளினாற் குணப்படுத்தலாமெனக் காட்டினார். இரும்பு வலிமை தரும் மருந்து என்னும் நம்பிக்கை உலகெங்கும் வேரூன்றுவதற்கு இத்தகைய வெற்றிகள் துணைசெய்தன.

வளர்ந்த ஒருவரின் உடலிலுள்ள இரும்பின் மொத்த நிறை 3 முதல் 4 கிராம் வரையாகும். ஒரு சிறிய ஆணிக்குப் போதிய அளவே. இதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குருதியின் செங்கலங்களிலுள்ள ஈமோகுளோபினில் இருக்கின்றது. சுவாசப்பையிலிருந்து ஒட்சிசனை ஏற்று உடலெங்கும் கொண்டுசெல்வது இதுவே. இன்னொரு பங்கு தசைகளிலும் பலவகை நொதியங்களிலும் உளது. எஞ்சியது பெரிற்றின் என்னும் புரதத்தினுள்ளே அடக்கப்பட்டு ஈரலிலும் மண்ணீரலிலும் என்பு மச்சையிலும் சேமித்துவைக்கப்படுகின்றது. பெரிற்றினின் ஒரு மூலக்கூறு ஏறத்தாழ 4500 இரும்பு அணுக்கள் வரை தன்னகத்தே கொள்ளவல்லது.

செங்கலம் ஒன்றின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள். முதிர்ந்த கலங்கள் மண்ணீரல் முதலிய இடங்களிற் சிதைக்கப்பட, அவற்றிலிருந்து வெளிப்படும் இரும்பு மீண்டும் புதிய கலங்களை ஆக்கப் பயன்படுகின்றது. இவ்வாறு நாடோறும் 20 முதல் 25 மில்லிகிராம் வரை இரும்பு உடலுக்குள்ளேயே சுழல்கின்றது. தோலினின்றும் குடற்சுவரினின்றும் உதிரும் கலங்களோடு வெளியேறுவது நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வரையே. உணவிலிருந்து உறிஞ்சப்படவேண்டியதும் அவ்வளவே. மாதவிடாய்க் காலத்துப் பெண்களுக்குக் குருதியிழப்பினால் இத்தேவை மேலும் உயர்கின்றது.

இங்கே கருதத்தக்க உண்மையொன்று உளது. உப்பு மிகுதியாயின் சிறுநீரகம் அதனைக் கழித்துவிடும். நீர் மிகுதியாயினும் அவ்வாறே. இரும்பு மிகுதியாயின் அதனைக் கழிப்பதற்கென உடலில் ஒரு வழியும் இல்லை. 1937 இல் இங்கிலாந்திலே மக்கான்சு, விடோசன் என்னும் ஆய்வாளர் இருவர், உடல் இரும்பின் அளவை ஒழுங்குசெய்வது கழிப்பதனாலன்று, உறிஞ்சுவதைக் கூட்டியும் குறைத்துமே என்று எடுத்துக்காட்டினர். இவ்வுறிஞ்சலைக் கட்டுப்படுத்தும் ஓமோன் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் அறியப்பட்டது. எப்சிடின் எனப்படும் அது ஈரலிற் சுரக்கின்றது. உடலில் இரும்பு நிறைந்திருக்கும்பொழுது எப்சிடின் மிகுதியாகச் சுரந்து, குடற்சுவரிலிருந்து குருதிக்கு இரும்பு செல்லும் வழியை அடைக்கின்றது. இரும்பு குறைந்தபொழுது அதன் சுரப்புக் குன்றி வழி திறக்கின்றது. அது எவ்வாறு தொழிற்படுகின்றது என்பது 2004 இல் விளக்கம் பெற்றது. உடலில் அழற்சி இருக்கும்பொழுதும் எப்சிடின் உயரும். இதனைப் பின்னர் நினைவுகூர்தல் வேண்டும்.

உணவிலுள்ள இருவகை இரும்பு

நாம் உண்ணும் உணவிலே இரும்பு இரு வடிவங்களில் அமைந்துள்ளது. ஒன்று ஈம் இரும்பு. விலங்குகளின் குருதியிலும் தசையிலும் உள்ள நிறப்பொருளோடு இணைந்திருப்பது இது. ஈரல், ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி முதலியவற்றில் மிகுதியாகவும், மீனிலும் கோழியிறைச்சியிலும் அதனிற் குறைவாகவும் உண்டு. மற்றையது ஈம் அல்லாத இரும்பு. தானியம், பருப்பு, கீரை, எள்ளு ஆகியவற்றிலுள்ள இரும்பு முழுவதும் இவ்வகையினது. இறைச்சியிலும் ஒரு பகுதி இவ்வகையாகவே இருக்கும்.

இவ்விரண்டையும் குடல் ஒரே விதமாக ஏற்றுக்கொள்வதில்லை. ஈம் இரும்பில் நூற்றுக்கு 15 முதல் 35 வரையான பங்கு உறிஞ்சப்படலாம். ஈம் அல்லாத இரும்பில் உறிஞ்சப்படுவது பெரும்பாலும் நூற்றுக்கு 2 முதல் 20 வரையே. பின்னையது உடலின் தேவைக்கேற்பக் கூடிக் குறையும்; கூட உண்ணும் பொருள்களாலும் பெரிதும் மாறுபடும். விற்றமின் சி அதனை உயர்த்தும். தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள துவர்ப்புப் பொருள்களும், தானியத் தவிட்டிலும் பருப்பு வகைகளிலும் உள்ள பைற்றேற்றும் அதனைத் தாழ்த்தும். ஈம் இரும்போ இத்தகைய தடைகளாற் பெரிதும் பாதிக்கப்படுவதில்லை. உடலிலுள்ள சேமிப்பு நிறைந்திருக்கும்பொழுதும் அதன் உறிஞ்சல் மற்றையதைப்போல அத்துணைக் குறைவதில்லை. நீரிழிவு பற்றிய ஆய்வுகளில் இவ்வேறுபாடு முதன்மை பெறுவதைப் பின்னர்க் காண்பாம்.

மிகுந்த இரும்பு செய்யும் கேடு

இரும்பின் பயனும் அதன் கேடும் ஒரே இயல்பிலிருந்து தோன்றுவன. இரும்பு இலத்திரனொன்றை எளிதில் ஏற்கவும் இழக்கவும் வல்லது. நொதியங்கள் தம் வேலையைச் செய்வதற்கு இவ்வியல்பு துணைபுரிகின்றது. ஆனால், புரதங்களாற் பிணிக்கப்படாது தனித்து நிற்கும் இரும்பு கலங்களுக்குப் பகையாகின்றது. கேம்பிரிச்சு இரசாயனரான பெந்தன், ஐதரசன் பேரொட்சைட்டோடு சிறிதளவு இரும்பு சேர்ந்தால் அது கடுமையான ஒட்சியேற்றத்தை விளைவிக்கும் என்பதை 1894 இல் விரித்துரைத்தார். இதன்போது ஐதரொட்சில் மூலிகம் என்னும் தாக்கவலு மிக்க துணிக்கை தோன்றுகின்றது என்று 1934 இல் ஏபர், வைசு என்னும் இருவர் விளக்கினர். இம்மூலிகம் கலமென்சவ்வின் கொழுப்பையும் புரதத்தையும் பரம்பரை அலகுகளையும் தாக்கிச் சிதைக்கும்.

இத்தாக்குதலை எதிர்கொள்ளும் ஆற்றல் எல்லாக் கலங்களுக்கும் ஒரே அளவினதன்று. சதையியிலே இன்சுலினைச் சுரக்கும் பீற்றாக் கலங்களில், ஐதரசன் பேரொட்சைட்டை அழிக்கும் நொதியங்கள் மிகக் குறைவு. அதனால் இரும்பு மிகுந்தவிடத்து முதலிற் கேடுறுவனவற்றுள் அக்கலங்களும் அடங்குகின்றன. மறுபுறத்தில், ஈரலில் இரும்பு மிகுதியாகச் சேர்ந்தால் இன்சுலினின் கட்டளையை ஈரல் நன்கு ஏற்பதில்லை. குருதியில் வெல்லம் போதியளவு இருந்தும் ஈரல் மேலும் வெல்லத்தை வெளிவிடுகின்றது. சுரப்புக் குறைதல், சுரந்தது பயன்படாமை என நீரிழிவுக்கு வழியாகும் இரு குறைகளையும் இரும்பு விளைவிக்கக்கூடும்.

இஃது ஆய்வுகூடத்துக் கருத்து மட்டுமன்று; மனிதரிடத்தே நெடுங்காலமாகக் கண்டறியப்பட்டது. 1865 இல் பிரான்சு நாட்டு மருத்துவர் துரூசோ, ஈரல் தடித்து, தோல் வெண்கல நிறமாக மாறிய நீரிழிவாளர் ஒருவரைப் பற்றி எழுதினார். அந்நோய்க்கு வெண்கல நீரிழிவு என்னும் பெயர் வழங்கலாயிற்று. 1889 இல் செர்மனியரான இரெக்லிங்கவுசன் இந்நிலைக்கு ஈமோகுரோமற்றோசிசு என்று பெயரிட்டார். 1935 இல் ஆங்கில மருத்துவர் செல்டன், இது பரம்பரையாக வரும் ஓர் அனுசேபக் குறை என வாதித்தார். அதற்குரிய பரம்பரை அலகு 1996 இல் இனங்காணப்பட்டது. எப்சிடின் போதியளவு சுரவாமையால் இரும்பு நாடோறும் சிறிது மிகையாக உறிஞ்சப்பட்டு, பல ஆண்டுகளில் ஈரலையும் சதையியையும் இதயத்தையும் நிறைத்துவிடுகின்றது. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அரை இலீற்றர் குருதியை வெளியேற்றி, அதனோடு 200 முதல் 250 மில்லிகிராம் வரை இரும்பை நீக்குவதே இதற்குரிய சிகிச்சை. இந்நோய் ஐரோப்பியரிடத்து, சிறப்பாக வட ஐரோப்பியரிடத்து, மிகுதியாகக் காணப்படுவது, நம்மவரிடத்து அரிது.

ஆயினும் இதே கேட்டை நம் நாட்டில் வேறொரு நோய் காட்டிநிற்கின்றது. தலசீமியா என்னும் பரம்பரைக் குருதிநோய் உடைய சிறுவர்க்கு உயிர்வாழக் குருதியேற்றுதல் இன்றியமையாதது. ஏற்றப்படும் ஒவ்வொரு பை குருதியோடும் ஏறத்தாழ 200 மில்லிகிராமுக்கு மேற்பட்ட இரும்பு உடலிற் சேர்கின்றது, வெளியேற வழியில்லை. அதனைப் பிணித்து நீக்கும் மருந்துகளை ஒழுங்காகப் பெறாதவர்க்கு இதயநோயும், வளர்ச்சிக் குறைவும், இளமையிலேயே நீரிழிவும் தோன்றுகின்றன. இலங்கையிலே குருநாகலில் இந்நோயாளர்க்கென அமைந்த நிலையம் பல ஆண்டுகளாகப் பணிசெய்து வருகின்றது. உணவினாலன்றிக் குருதியினால் வந்த இரும்பாயினும், சதையி அடையும் கேடு ஒன்றே.

பொதுமக்களிடத்து நடந்த ஆய்வுகள்

மேற்கூறிய நோய்கள் எதுவுமற்ற பொதுமக்களின் உடலிலும் இரும்பின் சேமிப்பு ஒருவருக்கொருவர் வேறுபடும். அவ்வேறுபாடு நீரிழிவு வருவதை முன்னறிவிக்குமா என்னும் வினா கடந்த நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. 1998 இல் வெளியான பின்லாந்து ஆய்வொன்றில், இரும்புச் சேமிப்பு உயர்ந்திருந்த ஆண்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு ஏனையோரினும் இரு மடங்குக்கு மேலாயிருந்தது. 2004 இல் அமெரிக்கத் தாதியரிடத்து நடத்திய ஆய்வின் முடிவு வெளியாயிற்று. நலமுடையவராயிருந்தபொழுது எடுத்துவைத்த குருதியைச் சோதித்ததில், பெரிற்றின் அளவு மிக உயர்ந்திருந்த ஐந்திலொரு பங்கினர்க்கு, மிகத் தாழ்ந்திருந்த ஐந்திலொரு பங்கினரைக் காட்டிலும் பின்னர் நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்காயிருந்தது.

2024 இல் ஆவாட் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட முடிவு உணவைப் பற்றியதாகும். இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்கரின் உணவுப் பழக்கங்களை 36 ஆண்டுகள் வரை தொடர்ந்து நோக்கியதில், ஈம் இரும்பை மிகுதியாக உண்டவர்க்கு, குறைவாக உண்டவரைக் காட்டிலும், நீரிழிவு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 26 வீதம் கூடுதலாயிருந்தது. ஈம் அல்லாத இரும்புக்கும் நீரிழிவுக்கும் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை.

இம்முடிவுகளைக் கேட்டவுடன் சைவ உணவினர் தமக்கு நீரிழிவு வாராதென மகிழ்ந்துவிடலாகாது. இரு பொருள்கள் சேர்ந்து காணப்படுதல் வேறு. ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாதல் வேறு. இறைச்சியை மிகுதியாக உண்போரிடத்துக் கொழுப்பும், உப்பும், உடற்பருமனும் சேர்ந்தே காணப்படும். ஆய்வாளர் அவற்றைக் கணக்கிற்கொண்டு கழித்துப் பார்ப்பரெனினும் முழுவதும் பிரித்துவிடல் அரிது. பெரிற்றினும் இரும்பை மட்டும் காட்டும் அளவுகோலன்று. அழற்சியிலும், ஈரலிற் கொழுப்புச் சேர்ந்தவிடத்தும் அது தானே உயரும். நீரிழிவை நோக்கிச் செல்வோரிடத்து இவ்விரண்டும் பெரும்பாலும் உண்டு. மேலும், மரக்கறி உணவே உண்டு வாழ்வோரிடத்தும் நீரிழிவு தாராளமாகக் காணப்படுகின்றது. தீட்டிய அரிசிச் சோற்றை மிகுதியாக உண்ணுதலும், சீனியும், உடலுழைப்புக் குன்றியமையும், பரம்பரையும் அதற்குப் போதுமானவை.

இரும்பைக் குறைத்தால் நீரிழிவு தணியுமா என்பதையும் அறிஞர் சோதித்தனர். பெரிற்றின் உயர்ந்திருந்த நீரிழிவாளர் சிலரிடத்துக் குருதியை வெளியேற்றியபொழுது அவர்தம் உடல் இன்சுலினை முன்னிலும் நன்றாக ஏற்றதென 2002 இல் இசுப்பானியாவில் நடந்த சிறிய ஆய்வொன்று கூறியது. ஆனால், ஈரலிற் கொழுப்புச் சேர்ந்தோரிடத்து அவுத்திரேலியாவில் நடந்து 2015 இல் வெளியான ஆய்வில் அத்தகைய பயன் காணப்படவில்லை. ஆகவே, இரும்பு மிகுதல் நீரிழிவின் காரணங்களுள் ஒன்றாகலாமென்பது வலுவுடைய கருத்து. சாதாரண நீரிழிவாளரின் இரும்பைக் குறைத்தல் சிகிச்சையாகும் என்பதோ நிலைநாட்டப்படவில்லை. இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

நீரிழிவு கட்டுமீறிய நிலையில் இரும்பினால் வரும் இன்னொரு துன்பமும் உண்டு. குருதியில் இரும்பு திரான்சுபெரின் என்னும் புரதத்தோடு பிணைந்தே செல்கின்றது. நீரிழிவு முற்றிக் குருதியில் அமிலம் மிகும்பொழுது இப்பிணைப்புத் தளர்கின்றது. அவ்வாறு விடுபட்ட இரும்பைச் சிலவகைப் பூஞ்சணங்கள் பயன்படுத்திப் பெருகுகின்றன. 2021 இல் இந்தியாவிலே கொரோனாத் தொற்றினூடே பலரைத் தாக்கிய கரும்பூஞ்சண நோய், கட்டுப்படாத நீரிழிவு உடையோரிடத்தே பெரிதும் காணப்பட்டமைக்கு இஃது ஒரு காரணமாகும்.

இரும்பு குறையின்

இதுகாறும் கூறியவற்றை மட்டும் கேட்ட ஒருவர் இரும்பைக் கண்டு அஞ்சி, கீரையையும் பருப்பையும் விலக்கத் தொடங்குவாராயின் அது பெரும் பிழையாகும். நீரிழிவாளருக்குக் குருதிச்சோகை வரும் வாய்ப்பு ஏனையோரினும் மிகுதி. நீரிழிவினாற் சிறுநீரகம் பழுதுறின், செங்கலங்களை ஆக்குமாறு என்பு மச்சையைத் தூண்டும் ஓமோன் குறைகின்றது. நாட்பட்ட அழற்சியினால் எப்சிடின் உயர்ந்து, சேமிப்பில் இரும்பு இருந்தும் அது குருதிக்கு வந்து சேராமற் போகின்றது. குருதிச்சோகையினால் இதயத்தின் சுமை கூடும். சிறுநீரக நோயாளரின் நிலை மேலும் மோசமாகும்.

குருதிச்சோகை அனைத்தும் இரும்புக் குறைவினால் வருவதன்று என்பதையும் இங்கே கூறுதல் வேண்டும். நீரிழிவாளர் பலர் நெடுங்காலம் உட்கொள்ளும் மெற்போமின் என்னும் மருந்து, விற்றமின் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கக்கூடும். மரக்கறி உணவினர்க்கு அவ்விற்றமின் ஏற்கெனவே அரிதாகவே கிடைக்கின்றது. அதன் குறைவினால் வரும் சோகையும், கால்களில் உண்டாகும் விறைப்பும் எத்துணை இரும்பு உட்கொள்ளினும் தீரா. கால் விறைப்பு நீரிழிவினாலேயே வந்ததென எண்ணி வாளாவிருந்துவிடுதலும் உண்டு. இன்னும், வளர்ந்த ஆண்மகன் ஒருவனுக்கும் மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும் இரும்புக் குறைவு காணப்படின், குடலில் எங்கேனும் குருதி கசிகின்றதா என்பதை மருத்துவர் ஆராய்தல் வேண்டும். காரணம் அறியாது இரும்பு மருந்தைக் கொடுத்துச் சோகையை மறைத்தல், குடற்புண்ணையோ புற்றுநோயையோ காலம் பிந்தி அறிவதற்கு இடமாகும்.

சோதனையின் பிழையும் சிந்திக்கத்தக்கது. 1968 இல் ஈரான் நாட்டு அறிஞர் சாமுவேல் இராபார், நீரிழிவாளரின் குருதியில் ஈமோகுளோபினின் ஒரு மாற்று வகை மிகுந்திருப்பதைக் கண்டார். அஃது ஈமோகுளோபினோடு குளுக்கோசு ஒட்டிக்கொண்டதனால் வந்தது. இன்று எச்பிஏ1சி என அழைக்கப்படும் சோதனை அதனையே அளக்கின்றது. செங்கலங்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால், சென்ற இரண்டு மூன்று மாதங்களின் வெல்ல நிலையை இச்சோதனை கூறும். இவ்வளவு நூற்றுக்கு 6.5 ஆகவோ அதற்கு மேலாகவோ இருப்பதை நீரிழிவெனக் கொள்ளலாமென உலகச் சுகாதார நிறுவனம் 2011 இல் அறிவித்தது. ஆனால், இரும்புக் குறைவுச் சோகை உடையவரிடத்து, வெல்லம் உயராதிருந்தும் இவ்வளவு உயர்ந்து தோன்றலாம். இரும்பு கொடுத்தபின் அது தாழலாம். செங்கலங்கள் விரைவாகச் சிதையும் நோய்களிலும், அண்மையிற் குருதியேற்றியவிடத்தும், வெல்லம் உயர்ந்திருந்தும் இவ்வளவு தாழ்ந்து தோன்றலாம். ஆதலின் இச்சோதனையின் முடிவும் நாளாந்த வெல்ல அளவும் தம்முள் முரண்படின், மருந்தைக் கூட்டுமுன் குருதிச்சோகை உண்டா என்று பார்த்தல் வேண்டும். இதனை அறியாது மருந்தைக் கூட்டினால் வெல்லம் அளவுக்கு மேலாகத் தாழ்ந்து மயக்கம் உண்டாதல் கூடும்.

நம் உணவும் நாம் செய்யத்தக்கனவும்

இனி, நீரிழிவாளர் செய்யத்தக்கன யாவை என்பதை நோக்குவாம்.

முதலாவது, அளந்தறிதல். ஈமோகுளோபின் அளவு ஆண்களுக்கு ஒரு தெசிலீற்றருக்கு 13 கிராமுக்குக் கீழும், கருத்தரியாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழும் இருப்பின் குருதிச்சோகையெனக் கொள்ளப்படும். அதனோடு பெரிற்றினையும் அளத்தல் வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, நலமுடைய வளர்ந்தோரிடத்துப் பெரிற்றின் ஓர் இலீற்றருக்கு 15 மைக்குரோகிராமுக்குக் கீழிருப்பின் இரும்புக் குறைவாகும். தொற்றோ அழற்சியோ உள்ளவிடத்து 70 மைக்குரோகிராமுக்குக் கீழிருப்பினும் அவ்வாறே கொள்ளல் தகும். மேல் எல்லை பெண்களுக்கு 150, ஆண்களுக்கு 200. இவ்வெல்லையைக் கடந்தவர் அனைவரும் இரும்பு மிகுந்தவரென உடனே முடிவுசெய்தலும் ஆகாது. முன்னர்க் கூறியவாறு ஈரற் கொழுப்பும் அழற்சியும் அதற்குக் காரணமாகலாம். மருத்துவர் வேறு சோதனைகளோடு ஒப்புநோக்கியே துணிவர்.

இரண்டாவது, சோதியாது இரும்பு மருந்து உட்கொள்ளாமை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வகுக்கப்பட்ட அளவின்படி வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு உணவில் 8 மில்லிகிராம் இரும்பு போதும். மாதவிடாய்ப் பருவப் பெண்ணுக்கு 18 மில்லிகிராம் வேண்டும். மருத்துவர் மேற்பார்வையின்றி உட்கொள்ளத்தக்க மேல் எல்லை 45 மில்லிகிராம். 200 மில்லிகிராம் பெரசு சல்பேற்றுக் குளிகை ஒன்றிலோ ஏறத்தாழ 65 மில்லிகிராம் இரும்பு உளது. குறைவு உண்டெனத் தெளிந்தவர்க்கு அஃது அருமருந்து. குறைவில்லாத ஐம்பது வயது நீரிழிவாளர் அதனைப் பலம் தரும் மருந்தென எண்ணி ஆண்டுக்கணக்கில் உட்கொள்ளுதல், வெளியேற வழியற்ற பொருளை உடலிற் குவிப்பதாகும். பல விற்றமின்கள் கலந்து விற்கப்படும் சத்து மருந்துகளிலும் இரும்பு சேர்ந்திருத்தல் உண்டு. சிட்டையைப் படித்தறிந்தே வாங்குதல் வேண்டும்.

இவ்விதிக்குக் கருவுற்ற தாய்மார் விலக்காவர். தாய்சேய் நிலையங்களிற் கொடுக்கப்படும் இரும்புக் குளிகைகளை, நீரிழிவு வருமென அஞ்சி, அவர் தாமாகவே நிறுத்திவிடலாகாது. கருவுற்ற தொடக்கத்திலிருந்து இரும்பு கொடுத்தமையால் கருக்கால நீரிழிவு கூடவில்லையென ஒங்கொங்கில் நடந்து 2009 இல் வெளியான ஆய்வு காட்டியுள்ளது. குருதிச்சோகையினால் தாய்க்கும் சேய்க்கும் வரும் இடரோ ஐயத்துக்கிடமற்றது.

மூன்றாவது, உணவின் சேர்க்கையை அறிந்து உண்ணுதல். இரும்பு குறைந்தவர்க்கு நம் அடுக்களையே பல வழிகளைக் காட்டுகின்றது. வல்லாரைச் சம்பலிலும் கீரைக் கறியிலும் தேசிக்காய்ப்புளி விடும்பொழுது, அதிலுள்ள விற்றமின் சி இரும்பு உறிஞ்சப்படுவதற்குத் துணையாகின்றது. அடுப்பிலிருந்து இறக்கியபின் புளிவிடும் நம் வழக்கம் அவ்விற்றமினைக் கொதியினின்று காக்கின்றது. நெல்லிக்காயும் கொய்யாவும் அதே பயனைத் தருவன. பயற்றை முளைக்கவைத்தலும், உழுந்தும் அரிசியும் அரைத்த மாவைப் புளிக்கவைத்துத் தோசையும் இட்டலியும் ஆக்குதலும் பைற்றேற்றைக் குறைக்கின்றன. இரும்புத் தாச்சியிற் புளிப்புள்ள கறி காய்ச்சினால் சிறிது இரும்பு கறியிலும் சேரும். இவ்வுணவுகள் நீரிழிவாளர்க்கு வேறு வகையிலும் நல்லன. கீரையும் பயறும் கௌபியும் குருதியில் வெல்லம் விரைந்து ஏறாமற் காப்பன. இவற்றிலுள்ள ஈம் அல்லாத இரும்பினால் தீங்கு உண்டெனப் பேராய்வுகள் காட்டவில்லை. எனவே இரும்பின் பெயரால் இவற்றை எவரும் விலக்க வேண்டியதில்லை.

தேநீர் பற்றியும் ஒரு சொல். உணவோடு தேநீர் அருந்தினால் ஈம் அல்லாத இரும்பின் உறிஞ்சல் பெரிதும் குறைகின்றது. 1983 இல் வெளியான ஆய்வொன்றில் நூற்றுக்கு 64 வீதம் குறைந்தது. கோப்பியினால் 39 வீதம். இரும்பு குறைந்தவர் தேநீரை உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னோ பின்னோ அருந்துதல் நன்று. சேமிப்பு நிறைந்தவர்க்கு இவ்வெச்சரிக்கை வேண்டா. சீனியின்றி அருந்தினாற் போதும்.

இறைச்சியும் ஈரலும் உண்போர், சிறப்பாக வயது முதிர்ந்த ஆண்களும் மாதவிடாய் நின்ற பெண்களும், அவற்றின் அளவைச் சுருக்குதல் நன்று. இவ்வறிவுரைக்கு இரும்பு ஒன்றே காரணமன்று. கொழுப்பும் இதயநோயும் கருதியும் மருத்துவர் இதனையே கூறுவர். இறைச்சிக்குப் பதிலாகச் சோற்றைக் கூட்டாது மீனையும் பருப்பையும் கூட்டுதல் வேண்டும் என்பது நம்மவர் நினைவிற் கொள்ளவேண்டியது.

தலசீமியா உடைய பிள்ளைகளைப் பெற்றோர் அவர்க்கு இரும்பு மருந்தைத் தாமாகக் கொடுத்தல் கூடாது. தலசீமியாவின் மென்மையான வகையும் குருதிச்சோகையாகவே தோன்றும். இரும்புக் குறைவெனப் பிழையாகக் கருதப்பட்டு ஆண்டுக்கணக்கில் இரும்பு கொடுக்கப்படுதலும் உண்டு. பெரிற்றினை அளந்தால் இப்பிழை நேராது.

நீரிழிவாளருக்கு இரும்பு வேண்டுமா, வேண்டாவா என்று பொதுவாகக் கேட்கப்படும் வினாவுக்கு ஒரே விடை கூறல் இயலாது. ஒருவருக்கு அதன் குறைவு நோய். இன்னொருவருக்கு அதன் மிகுதி நோய். இருவரும் தளர்ச்சி என்னும் ஒரே முறைப்பாட்டோடு மருத்துவரிடம் வருவர். தளர்ச்சியைக் கொண்டு இரும்பின் அளவை ஊகித்தல் இயலாதாகையால், குருதியைச் சோதித்தறிதலே வழி. உணவிலுள்ள இரும்பைக் குடல் பெருமளவு தேவையறிந்தே ஏற்றுக்கொள்ளும். குளிகையில் வரும் இரும்பையோ அதன் அளவு மிகுதியினால் அவ்வாறு முற்றும் தடுத்துவிடல் இயலாது. ஆகவே கீரையையும் பருப்பையும் அச்சமின்றி உண்க. குளிகையைச் சோதித்தபின் உண்க. நீரிழிவுக்காக ஆண்டுதோறும் குருதி கொடுத்துச் சோதனை செய்வோர், அதனோடு ஈமோகுளோபினையும், மருத்துவர் வேண்டுமென்று கருதுமிடத்துப் பெரிற்றினையும் பார்த்துக்கொள்வாராயின், ஒரே முறை எடுக்கும் சிறிதளவு குருதியில் இரு நோய்களின் நிலையும் தெளிவாகும்.